செத்தவள் நீட்டிய கை

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்த ஒரு காட்சியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். உள்நாட்டுப் போரில் ஊர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்துப் படைவீரன் இந்தப் பக்கத்துக் காதலியைத் தேடி, தெரு நெடுகக் கிடக்கும் பிணங்களுக்கு நடுவே வருகிறான். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்க்கிறான். அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, அவனுக்குப் பின்னால் கிடக்கும் ஒரு பிணம் மெல்லக் கையை நீட்டி, பக்கத்துப் பிணத்தின் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிடுகிறது. அவ்வளவுதான். அழுத கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அப்பன் சிரித்த இடத்தில் பிள்ளையும் சிரித்தாயிற்று.

கையை நீட்டிய அந்தப் பிணம் இவளுடைய அம்மா.

இவள் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பழைய படங்களின் கீறலையும் கறையையும் கணினியில் துடைத்துப் புதிதாக்கும் நிறுவனத்தில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. மறுவெளியீட்டுக்காக அந்தப் படமே இவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. வயதான இயக்குநர் நேரில் வந்து, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் கையை அழி, என் மானத்தை வாங்கிய கை அது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டதும் இவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கல்லூரியில் இதே காட்சிக்கு வகுப்பே சிரித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இனி எவனும் பல்லைக் காட்ட முடியாது. அன்றைக்கே கையை அழித்தாள். மாலையில் நல்ல சேதி சொல்லும் முகத்தோடு வீட்டுக்குப் போனாள்.

தையல் ஆலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, கேட்டதும் காலை மடக்கிக்கொண்டாள்.

"உன்ன யாருடி கேட்டா?"

"எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா."

"சிரிச்சா சிரிக்கட்டும். அந்தப் படத்துல நான் செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான். அதையும் துடைச்சிட்டு வந்து நிக்கிற."

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. பக்கத்தில் பிணமாகக் கிடந்தது குருவி. புதிதாக வந்த பெண். ஆள் அந்த அளவுக்குத்தான் இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். புழுதி கிளப்ப வைத்திருந்த பெரிய காற்றாடியை ஓட்டியவன், வேண்டுமென்றே அதை அவள் பக்கம் திருப்பினான். துணி தொடைக்கு மேலே ஏறியது. காற்றாடியைச் சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அசைந்தால் கூலி கிடையாது என்று முதலிலேயே எச்சரித்திருந்ததால் குருவி கண்ணைத் திறக்காமலே அழுதாள். அம்மா கையை நீட்டினாள். கூலியும் போயிற்று, துணை நடிகைத் தொழிலும் போயிற்று. திரும்ப எடுக்கக் காசில்லாததால் காட்சி மட்டும் படத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"செத்துக் கிடந்தா மட்டும் அவளுக்கு மானம் கிடையாதா?" என்றாள் அம்மா.

இவள் இத்தனை வருடம் கூசியது எதற்காக என்று இவளுக்கே தெரியவில்லை. கூச்சம் இருந்த இடத்தில் இப்போது நல்ல சுத்தமான கோபம் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் இயக்குநர் வந்தார். மேலாளர் குழைந்துகொண்டே பக்கத்தில் நின்றார். இவள் கையை அழித்த காட்சியை ஓட்டினாள். திரையில் யாரும் தொடாமலே பாவாடை கீழே இறங்கியது.

"என்னம்மா இது, பேய் இழுத்த மாதிரி இருக்கு. துணியையும் சரி பண்ணிடு" என்றார் இயக்குநர்.

"பண்ண முடியும் சார். ஆனா நான் பண்ண மாட்டேன். அந்தக் கை தெரியாம அசைஞ்சது இல்ல. தெரிஞ்சே நீட்டினது."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"நீட்டினவங்க வயித்துல பொறந்தவ நான்."

மேலாளர் மேசைக்கடியில் இவள் காலை மிதித்தார். இவள் காலை நகர்த்திக்கொண்டு, காற்றாடிக்காரன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று பாதிக் கதையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

"அன்னைக்கு என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார் இயக்குநர்.

"பொணம் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே சார்."

அவர் பழைய பிரதியை ஓட்டச் சொன்னார். பார்த்தார். திரும்ப ஓட்டச் சொன்னார். முன்னால் நடக்கும் காதலனை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெருவே செத்துக் கிடக்கு. இவன் காதலி முகத்தை மட்டும் தேடிட்டுப் போறான்" என்று முனகினார். பிறகு எழுந்தார். "கை இருக்கட்டும். பளிச்சுனு தெரியற மாதிரி பண்ணு." மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. இவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மறுவெளியீட்டன்று அம்மாவும் குருவியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். குருவி இப்போது இருக்கை கொள்ளாத குருவி. செத்தவர்கள் இரண்டு பேரும் படம் பார்க்க வந்துவிட்டோம் என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அந்தக் காட்சி வந்தது. கீறல் இல்லை, கறை இல்லை. கை விரல் விரலாகத் தெரிந்தது. வழக்கம்போல அரங்கம் சிரித்தது. குருவி சிரிக்கவில்லை. பாவாடை இறங்கும்வரை அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகள் எழப் போனாள். அம்மா அவளை அமர்த்திவிட்டு, எட்டி அவர் தோளைத் தட்டினாள்.

"அது என் கைதாங்க" என்று நீட்டினாள்.

ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. அவர் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்று, அதைப் பிடித்துக் குலுக்கினார்.