மங்காத வளையம்

மேலப்பாளையத்தில் பஸ் ஏறி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இறங்குவதற்குள் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று தஸ்லிமா பலதடவை மனசை மாற்றிக்கொண்டாள். கைப்பையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வானொலித் தொலைநோக்கிப் படங்கள் இருந்தன. அவளோடு ஒரே கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஜம்பு உள்ளே கிடந்தார். ஈரலில் புற்று. இந்த மாசம் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

ஜெர்மன் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே படத்தில் அந்த மங்கலான வளையத்தை முதலில் கண்டவர் அவர்தான். வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் எச்சம், இதுவரை யாரும் பார்க்காதது என்று நம்பினார். பாதியில் நின்றுபோன தன் ஆராய்ச்சிப் பட்டத்தை இதை வைத்தே முடித்துவிடலாம் என்றிருந்தார். ஆனால் எக்ஸ்ரே மட்டும் போதாது. எச்சம் என்றால் வானொலியிலும் வளையம் தெரியவேண்டும். அலைவரிசையின் அதிர்வெண் கூடக்கூட அது மங்கவேண்டும். வெறும் சூடான வாயுவென்றால் மங்காது.

ஜம்புவின் மனைவி கோமு வராந்தாவிலேயே மறித்தாள்.

"படம் வந்துடுத்தா? நல்ல சேதிதானே?"

தஸ்லிமா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டதிலேயே கோமுவுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுவா இருந்தாலும் ஆமான்னு சொல்லிடும்மா. நிம்மதியா போகட்டும்."

"சரிக்கா."

கோமு ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போனாள்.

தஸ்லிமா உள்ளே போனதும் ஜம்பு மஞ்சளித்த கண்களைத் திறந்தார். "வளையம் இருக்கா?"

"இருக்கு சார்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அத்தோடு அவர் விட்டிருக்கலாம்.

"ரெண்டு அலைவரிசையிலயும் அவா பாத்தாளா? மங்கறதா?"

ஆமாம் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவள் கணக்கில் தப்பு வந்தபோதெல்லாம் தாட்சண்யம் பார்க்காமல் முகத்துக்கு நேரே சொன்ன மனுஷர்.

"மங்கல சார். ரெண்டுலயும் ஒரே அளவுதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இரைத்தது. "அப்போ வெறும் வாயு. எச்சம் இல்லேன்னு எழுதி அனுப்பிடுங்கோ. இல்லேன்னா இன்னொருத்தன் இதுலயே வந்து விழுவான்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காப்பி வந்தது, தொடவில்லை. அதன்பிறகு யாரோடும் பேசவும் இல்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

துக்கத்துக்கு ஜம்புவின் வண்ணாரப்பேட்டை வீட்டுக்குப் போன தஸ்லிமாவை கோமு வாசலிலேயே நிறுத்தினாள். "வாக்குக் குடுத்தியே. ஒரு பொய் சொல்லப்படாதா உனக்கு?"

"சாரேதான் கேட்டாங்கக்கா. எழுதச் சொன்னதும் அவங்கதான்."

"அவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப்போறாரா?"

தஸ்லிமா படியிறங்கி, சவ ஊர்வலம் குறுக்குத்துறை மயானத்துக்குக் கிளம்பும்வரை எதிர்வீட்டுச் சுவரோரம் வெயிலில் நின்றாள்.

கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில், புதிய நட்சத்திர எச்சத்தைக் கண்டறிந்த மேதை என்று முதல்வர் பேசினார். முன்வரிசையில் கோமு முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். தஸ்லிமா எழுந்து திருத்தவில்லை. தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, அது எச்சம் அல்ல என்ற கட்டுரையை ஆராய்ச்சி இதழுக்குத் தபாலில் சேர்த்தாள். எழுதியவர்கள் வரிசையில் ஜம்புவின் பெயர்தான் முதலில் இருந்தது. கோமு அப்புறம் ஒருநாளும் அவளோடு பேசவில்லை.