ஒன்பது அட்டைகளும் ஐந்தாம் மாடிக் கூடையும்

எங்கள் கட்டடத்துக்கு ஆறு மாடி. லிஃப்ட் வைக்கப் பள்ளம் தோண்டினார்கள்; லிஃப்ட் வரவில்லை. அதனால் எங்களுக்குக் காலும் கையும் கூடைதான். காலை ஏழு மணிக்கு இம்பாபா பேட்டையில் எங்கள் சந்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், பால்கனிகளிலிருந்து கயிற்றுக் கூடைகள் ஒவ்வொன்றாக இறங்குவது தெரியும். கூடைக்கு ஒரு அட்டை, சர்க்கார் மலிவு விலையில் தரும் ரொட்டிக்கான அட்டை. தரைத்தளத்து அபீரம்மா அவற்றைப் பொறுக்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போவாள். ஒன்பது வீட்டு அட்டை, ஒன்பது ரகசிய எண். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றன்பின் ஒன்றாக மிஷினில் தேய்ப்பாள். சூடாக வரும் ரொட்டியை, சந்தில் நிற்கும் யாருடைய கார் மேலாவது பரப்பி ஆறவைப்பாள். பிறகு கூடைகளில் போட்டுக் குரல் கொடுப்பாள். நாங்கள் இழுத்துக்கொள்வோம்.

இதில் தப்பு என்று ஒன்று இருக்க முடியும் என எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

மூன்றாம் மாடியில் ஷிஹாப் என்று ஒரு பிள்ளை, தாயோடு இருக்கிறான். கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிற வேலை. ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடத்தில் அலுவலகம். கூடை இறங்குவதற்கு முன்பே வேன் ஏறிப் போய்விடுவான். பெருநாளன்று என் வீட்டுக்குப் பலகாரம் தின்ன வந்தவன் முகமெல்லாம் வெளிச்சமாகச் சொன்னான்:

"அத்தை, கடைக்காரங்க சர்க்கார் ரொட்டி மாவைத் திருடி வெளியில விக்கிறாங்க இல்ல, அவங்களுக்கு இனிமே வேலை இல்ல. பொய் அட்டையெல்லாம் கையில வச்சுக்கிட்டு, ரொட்டி வித்த மாதிரி கணக்குக் காட்ட மடமடன்னு தேய்ப்பாங்க. அதை நான் மிஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். அதுவே பிடிச்சிடும்."

"நீ நல்லா இருக்கணும்ப்பா" என்று இன்னும் இரண்டு பலகாரம் வைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, கீழேயிருந்து அபீரம்மாவின் குரல் வந்தது. "ஏம்மா, மாடிக்காரங்களா! என்ன பாவம் பண்ணீங்க? ஒன்பது அட்டையும் ஒரே நாள்ல செத்துப்போச்சு. நிறுத்தி வச்சிருக்காம்."

சாயங்காலம் ஷிஹாப் படியேறி வரும்போது அவனைப் பிடித்துக்கொண்டோம். அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"எத்தனை நிமிஷத்துல தேய்ச்சீங்க?"

"நான் என்ன ஓட்டப்பந்தயமா ஓடினேன், நிமிஷம் பார்க்க?" என்றாள் அபீரம்மா. "ஒரு மூணு நிமிஷம் இருக்கும்."

அவன் சிரிப்பு நின்றது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அது நான் எழுதினது" என்றான். "அதே அட்டைங்க தினமும் ஒரே இடத்துல, ஒன்னுக்குப் பின்னால ஒன்னா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்தா நிறுத்திடுன்னு."

"அப்போ என்னைத் திருடின்னு சொன்னது நீயா, இன்ஜினியரே?"

"உங்களைச் சொல்லல, அபீரம்மா."

"என் கையைத்தானே பார்த்துச்சு உன் மிஷின்?"

அவன் தாயின் அட்டையும் அந்த ஒன்பதில்தான் இருந்தது. இருபது வருஷம் அந்தக் கூடை ரொட்டியைத் தின்று வளர்ந்த பிள்ளை. விதி எழுதிய அன்று கூடை அவன் நினைவுக்கு வரவில்லை.

மறுநாளே மேலாளரிடம் போய் நின்றான். அவர், ஆயிரக்கணக்கில் அட்டை பிடிபட்டதில் மேலிடம் ரொம்பத் திருப்தியாக இருக்கிறது, இப்போது போய் விதியில் தப்பு என்று எப்படிச் சொல்வது என்றாராம். எழுதுவதுதான் இவன் வேலை. எழுதியதை மாற்ற மேலிடத்திலிருந்து கடிதம் வேண்டும். அதுவரை ஒரே வழி: அட்டைக்காரர் முப்பது நாளுக்குள் ரேஷன் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். தவறினால் அட்டை பட்டியலிலிருந்தே போய்விடும்.

நாங்கள் எட்டுப் பேரும் போனோம். நான் இந்த முழங்காலோடு டுக்டுக் வண்டியில் போனேன். விரலை வைத்தோம், அட்டை உயிர்த்தது. மிச்சம் இருந்தது ஐந்தாம் மாடி சுப்ஹி ஒருவர்தான்.

சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் இல்லை. நாலு வருஷமாகப் படியிறங்காதவர். அட்டைக்குத் தினமும் வரும் ஐந்து ரொட்டியும் ஊறவைத்த மொச்சையும்தான் அவர் சாப்பாடு.

ஷிஹாப் விடுப்புப் போட்டான். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அவரை மர நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினான். ஒவ்வொரு மாடி வாசலிலும் மனுஷர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். என் வாசலில், "பார்த்துக்க தங்கச்சி, ராஜா போறேன்" என்றார். சந்துக்கு வந்ததும், "புதுசா டீக்கடை வந்திருக்கே, யாரும் சொல்லலையே" என்று கோபித்துக்கொண்டார்.

அலுவலகத்தில் நடந்ததை ஷிஹாப்தான் பிறகு எனக்குச் சொன்னான். நாற்பது வருஷம் துணி இஸ்திரி போட்ட கை அது. சூட்டில் விரல் நுனியெல்லாம் வழவழத்துப் போயிருந்தது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்துத் துடைத்தும் பார்த்தார்கள். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"கை இல்லைன்னு சொல்லுது" என்றாராம் குமாஸ்தா.

"இல்லையா? போனது காலுதானேய்யா. கை இதோ இருக்கே" என்றார் சுப்ஹி.

"உங்ககிட்ட இருக்கு, பெரியவரே. மிஷின்கிட்ட இல்ல."

ஷிஹாபுக்குத் தாங்கவில்லை. "சார், இதுக்கு புரோகிராம் எழுதினதே நான்தான். இவரை எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும்."

குமாஸ்தா கிண்டல் செய்யவில்லை. மரியாதையாக அந்தச் சின்ன மிஷினை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "அப்படியா, ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்களே அதுகிட்ட சொல்லிடுங்க."

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றானாம். சொல்வதற்கு அதில் ஓர் இடமும் இல்லை என்பது அவனுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

"நாளைக்கு வாங்க, இன்ஷா அல்லாஹ். மிஷின் ரேகையைச் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது" என்றார் குமாஸ்தா.

இன்னும் மூன்று முறை இறக்கி ஏற்றினார்கள். கடைசி முறை தூக்கியவர்களில் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்போது சுப்ஹி, "போதும்ப்பா, என்னால மத்தவங்க கால் போகவேணாம்" என்றுவிட்டார். ஷிஹாப் தனியாக நடையாய் நடந்தான். மனு எழுதினான், மேலாளரிடம் கத்தினான், பிறகு கெஞ்சினான். முப்பத்தோராம் நாள் அவன் தாய் என் வாசலுக்கு வந்து, சுப்ஹியின் அட்டை பட்டியலிலிருந்து போய்விட்டது என்றாள்.

சுப்ஹியிடம் யாரும் சொல்லவில்லை. யார் போய்ச் சொல்வது?

இப்போதும் காலையில் ஒன்பது கூடை இறங்குகிறது. அபீரம்மா கடை வாசலில் பழப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஓர் அட்டை தேய்த்தால் அடுத்ததற்குப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஷிஹாப் சொல்லிக் கொடுத்த கணக்கு. மிஷினை ஏமாற்ற அவனுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். எட்டு அட்டை முடிவதற்குள் ரொட்டியும் ஆறிவிடுகிறது, அவள் காலும் மரத்துவிடுகிறது. ஒன்பதாவது அட்டை அவள் பையை விட்டு வெளியே வருவதில்லை. எங்கள் ரொட்டியில் வீட்டுக்கு ஒன்றாக முறைவைத்து ஐந்து எடுத்து, அதன் மேல் அந்த அட்டையை வைத்து, சுப்ஹியின் கூடையில் அனுப்பிவிடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஷிஹாப் வீட்டிலிருந்தான். பால்கனியில் டீ கிளாஸோடு நின்றான். நான் அவனுக்கு மேலே, நாலாம் மாடியில் என் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாடிக் கூடை எழும்பியது. மேலேயிருந்து சுப்ஹி தலையை நீட்டினார்.

"ஷிஹாபு, இருக்கியாப்பா?"

"இருக்கேன் பெரியப்பா."

"உன் மிஷினுக்குப் புத்தி வந்துடுச்சு. என் கையை அதுக்கு இப்போ தெரியுது. ஒரு நாள் தவறாம ரொட்டி வருது."

ஷிஹாப் கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான்.

"நீ அதுக்குப் பொறுமையாச் சொல்லிக் குடுத்திருக்கே. நல்ல பிள்ளைப்பா நீ."

"சரி பெரியப்பா" என்றான்.

கூடை அவன் முகத்துக்கு நேரே வந்தது. ரொட்டியின் மேல் அந்தச் செத்த அட்டை மினுங்கிக்கொண்டிருந்தது. காற்றில் கூடை சுவரில் இடிக்கப் போனபோது, ஒரு கையால் பிடித்து நிறுத்தினான். பிறகு விட்டான். அது என்னைத் தாண்டி மேலே போனது.