துருப்பிடித்த பெருவிரல்

துவக்கைக் கண்டாலே நடுங்குகிற சிவபாதத்துக்குத் துவக்குப் பட்டறையில் வேலை கிடைத்ததை என்னவென்று சொல்வது! இரும்பு மினுக்குகிற வேலை என்று மட்டும் சொல்லித்தான் அங்கே வேலை செய்துகொண்டிருந்த அவனுடைய சிநேகிதன் அன்புராசா அவனை ஸ்காபரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எந்த இரும்பு என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஆனால் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் கனடாவில் அகதிக்காரனுக்கு வேலை என்ன வழியிலா கொட்டிக் கிடந்தது? வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டான். வீட்டில் மனைவி துர்க்கா கேட்டபோது மெசின் சாமான் என்றான்.

பட்டறை லாஸ்லோ என்ற ஹங்கேரிக்காரனுடையது. குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் கேட்கிறபடி ரிவோல்வரைக் கழற்றி, அராவி, அவரவர் கைக்கு அளவாகச் செய்து கொடுப்பான். மினுக்கி எண்ணெய் போகக் கழுவிய இரும்பு பச்சைப் பிள்ளை மாதிரி. வெறுங்கை பட்டால் வியர்வை உப்பு ஏறித் துருப்பிடித்துவிடும். கையுறை போடாமல் ஒருவரும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். சிவபாதம் அதை ஒரேயொரு நாள்தான் மீறினான். அது ஒரு வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு மக்கே என்ற பொலிஸ்காரன் வந்திருந்தான். தன்னுடைய சொந்தப் போட்டி ரிவோல்வருக்கு எந்தப் பூச்சு என்று முடிவு செய்யவேண்டும். நீலம் போட்டால் அழகு, ஆனால் மெல்லிசு. நிக்கல் கண்ணைக் கூசும். குரோம் ஆயுளுக்கும் நிற்கும், பார்வைக்குத்தான் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். மக்கேயின் மனம் நீலத்தில் கிடந்தது. சாமானை ஒருக்கால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். லாஸ்லோ அவனுக்கும் ஒரு சோடி கையுறையைக் கொடுத்து, உள்ளே இருந்த சிவபாதத்திடம் சாமானை எடுத்துவரச் சொல்லிவிட்டு, மணியடித்த தொலைபேசியை எடுக்கப் போனான்.

சிவபாதம் வந்தான். சீருடையும் இடுப்புத் துவக்குமாக மக்கே நின்றான். சீருடை போட்ட பெரிய மனுசனுக்கு அழுக்குக் கையுறையோடு ஒரு சாமானை நீட்டுகிறதா? அவன் வளர்ந்த விதத்தில் அதைவிட மரியாதைக்கேடு வேறில்லை. யோசிக்கவே இல்லை. இரண்டு கையுறையையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்கை இரண்டாலும் ஏந்தி, குனிந்து கொடுத்தான். மக்கே பார்த்தான், தடவினான், திருப்பித் தந்தான். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகப் போய்விட்டான். அவன் தொலைந்ததே போதும் என்று சிவபாதம் இரும்பைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தான். அந்தப் பதற்றத்தில் எண்ணெய் பூசவும் மறந்துபோனான்.

திங்கட்கிழமை காலையில் துணியை விரித்தான். மினுக்கின பக்கத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பெருவிரல். மற்றப் பக்கத்தில் நான்கு விரல்கள். கைரேகையின் ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

வந்திறங்கிய அன்றே இமிக்கிரேசன்காரர் அவனுடைய பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் அவனுடைய அகதி விசாரணை. அதில் தோற்றால் திரும்பிப் போகவேண்டியதுதான். அதுவரைக்கும் பொலிஸ் இருக்கிற பக்கம் தலை வைத்தும் படுக்கவேண்டாம் என்று சட்டத்தரணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது அவனுடைய விரல் பொலிஸ்காரனின் துவக்கிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது! இது ஒரு குற்றமா என்று கேட்டால், விசர்க்கதைதான். ஆனால் பயம் நியாயம் கேட்டுக்கொண்டா வருகிறது?

அதுவும் சிவபாதத்தின் பயம் சும்மா வந்த பயமில்லை. ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிறுத்தினார்கள். கையைக் காட்டச் சொன்னார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்டபடி ஒருவன் இருந்தான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சனம் சொல்லும். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவனை லொறியில் ஏற்றுவார்கள். சிவபாதத்தைப் பார்த்தும் ஆட்டினான். ஒரு வருசத்துக்கு மேல் முகாமில் கிடந்து வெளியே வந்த பிறகும், அந்தச் சாக்குக்குள் இருந்தது யார் என்று யோசிக்காமல் அவன் ஒரு நாளும் படுத்ததில்லை. இந்தக் கதையைத் துர்க்காவுக்கு அடுத்தபடியாக அன்புராசாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று அவன் மினுக்குகிற சக்கரத்துப் பக்கம் திரும்பவும், கதவைத் திறந்துகொண்டு லாஸ்லோவும் மக்கேயும் வரவும் சரியாக இருந்தது. லாஸ்லோ அவன் கையிலிருந்து இரும்பை வாங்கினான், பார்த்தான், முகம் சிவந்தான். கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டுங்கள் என்று சிவபாதத்தையும் அன்புராசாவையும் பார்த்துக் கத்தினான்.

கையைக் காட்டு. அவ்வளவுதான், பட்டறை போய்விட்டது, பள்ளிக்கூட வளவு வந்துவிட்டது. நீட்டிய கைகளிலிருந்து வியர்வை சொட்டியது. பக்கத்தில் அன்புராசாவின் கைகள் காய்ந்து கிடந்தன. ஆனால் ஆத்திரத்தில் நின்ற லாஸ்லோ கைகளைச் சரியாகப் பார்க்கவில்லை. சாமானைக் கழுவி எடுப்பவன் அன்புராசா. ஆகவே அவனைச் சுட்டிக்காட்டி, இவனா என்று சிவபாதத்திடம் கேட்டான்.

சிவபாதத்தின் தலை ஆடியது. மேலும் கீழும், ஒரே ஒரு தரம்.

அன்புராசா அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு லாஸ்லோவிடம், ஓம், என்னுடைய கைதான், மன்னிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். இன்னொரு தரம் நடந்தால் வீட்டோடு இருக்கலாம் என்று லாஸ்லோ அவனை வறுத்தெடுத்தான்.

மக்கே சிவபாதத்தை ஒருமுறை பார்த்தான். வெள்ளிக்கிழமை வெறுங்கையால் ஏந்திக் கொடுத்தவன் யார் என்பது அவனுக்கு மறந்தா போயிருக்கும்? ஆனால் அவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இரும்பை வாங்கி, துருவின் மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். போட்டியில் நிற்கும்போது தனக்கும் கை இப்படித்தான் ஊற்றும் என்றான். நீலம் போட்டிருந்தால் ஒரு கோடையில் அரித்துப் போயிருக்கும், நல்ல வேளை இப்போதே தெரிந்தது, இதைத் தேய்த்து எடுத்துவிட்டுக் குரோம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு காரில் ஏறினான்.

அவ்வளவுதான் விசயம். அடியில்லை, கேஸில்லை, லொறியுமில்லை. சிவபாதத்துக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. மிச்ச நேரமெல்லாம் தலை நிமிராமல் அந்தப் பெருவிரலைத் தேய்த்தான். அது போய்விட்டது.

மாலை, வெயில் இறங்காத நேரத்தில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். இரண்டு பேரும் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் வரைக்கும் ஒரே வழிதான். அன்புராசாவே பேச்சை எடுத்தான்.

"உன்ர கேஸுக்கு ஒண்டும் வராது மச்சான், பயப்பிடாதை," என்றான். குரலில் கோபமே இல்லை. "வேலை போனாலும் நான் வேறை தேடுவன். ஆனா ஒண்டு. அங்க உன்னைக் காட்டிக் குடுத்தவன் சாக்குப் போட்டிருந்தவன். நீ வெறும் முகத்தோடையெல்லே தலையாட்டினனீ."

பஸ் வந்தது. அன்புராசா முன்னுக்கு ஏறி, வழக்கம்போல யன்னல் பக்கத்துச் சீற்றைச் சிவபாதத்துக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தான். சிவபாதம் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு முகம் தெரியாதபடி திரும்பி நின்றான். கை வழுக்கியது. அது துருப்பிடிக்காத கம்பி. அவன் பிடித்த அடையாளம் கொஞ்ச நேரம் ஈரமாகத் தெரிந்தது, பிறகு காய்ந்துவிட்டது.