மூடாத கண்ணும் டிக்கெட் பரிசோதகரும்

பேக்கரியில் வேலை பார்த்தவளின் இடது கண் மூடாமல் போன வாரத்தில், அவள் தூங்கும்போதெல்லாம் கனவுகள் அந்தக் கண் வழியாக வெளியே வந்து வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தன. முதலில் வந்தவை வாத்துகள். அவற்றின் பின்னால் ஒரு மர ஏணி வந்தது, அதன் பின்னால் கறுப்புக் கோட்டு போட்ட டிக்கெட் பரிசோதகர் ஒருவர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்த அவள் புருஷனிடம் கையை நீட்டி, "டிக்கெட்?" என்று கேட்டார். பிளம்பர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். சொந்த வீட்டில் உட்கார எதற்கு டிக்கெட் என்று கேட்கத் தோன்றாத சாது அவன். அவள் விழித்ததும் வாத்தும் ஏணியும் பரிசோதகரும் வரிசை கலையாமல் வந்த வழியே கண்ணுக்குள் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். ஒருநாள் விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பியவளின் முகத்தில் இடது பாதி சரிந்திருந்தது. குடித்த டீ வாயோரம் வழிந்தது. முகவாதம், சில மாதத்தில் சரியாகும் என்றார் முதலில் பார்த்த டாக்டர். கண் டாக்டரம்மா அப்படி விடவில்லை. "முகம் தானா திரும்பி வந்துடும். கண்ணு காய்ஞ்சு புண்ணாச்சுன்னா தானா வராது" என்று சொல்லி ஒரு சின்ன டியூப் களிம்பைக் கொடுத்தார். தூங்கும் ஒவ்வொரு முறையும் கீழ் இமையை இழுத்து ஓர் அரிசி அளவு வைக்க வேண்டும், டியூபின் முனை கண்ணில் படக்கூடாது, பிறகு இமையைக் கையால் மூடிப் பட்டை ஒட்ட வேண்டும். பார்வை கொஞ்ச நேரம் மங்கும், பயப்பட வேண்டாம். களிம்பு வைத்த நாட்களில் வாத்து வரவில்லை, பரிசோதகரும் வரவில்லை. வீடு பழையபடி வீடாக இருந்தது.

ஒரு மத்தியானம் களிம்பு வைப்பதற்குள் அவள் அசந்து தூங்கிவிட்டாள். அன்றைக்குக் கண்ணிலிருந்து வந்தது தண்ணீர். விடியற்காலையிலிருந்து அடுப்பு வாயில் நின்று வேகிறவளுக்குக் கனவில் தண்ணீர் வராமல் வேறு என்ன வரும்? அது கன்னத்தில் இறங்கி, தலையணையைத் தாண்டி, தரையில் ஓடி, வாசற்படியையும் தாண்டித் தெருவுக்குப் போனது. அவள் விழித்தபோது வீட்டுக்குள் இருந்த தண்ணீர் திரும்பிப் போனது. வாசலைத் தாண்டியது திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. தெருநாய் ஒன்று அதை நக்கிக் குடித்துவிட்டு வாலை ஆட்டியது.

அந்தத் தெருவின் குழாய்களில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது. தண்ணி லாரி அதற்கு மனசு வரும்போது வரும். வந்தால் குடத்துக்குக் குடம் இடித்துச் சண்டை, வராவிட்டால் வராததற்குச் சண்டை. இப்படிப்பட்ட தெருவில் ஒரு பிளம்பருக்கு என்ன மரியாதை இருக்கும்? அவனைக் கண்டாலே "வாங்க, குழாயில காத்து வருது, கொஞ்சம் அடைச்சுட்டுப் போங்க" என்று கிண்டல் செய்வார்கள். அதனால் தலையணை ஓரத்தில் புனல் ஒன்றைப் பொருத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் இழுத்து, தெருமுனைச் சிமெண்ட் தொட்டிவரை அவன் கொண்டுபோய் விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். வாத்துகள் வெளியேறாதபடி கதவை மட்டும் சாத்தி வைத்தான். தொட்டி நிறைந்தது. தெருவே அவனை 'சார்' என்று கூப்பிட்டது. களிம்பு டியூப் அலமாரியில் பாதியோடு நின்றுபோனது.

அதிகமாகப் பயனடைந்தவள் லாண்டரிக்கார அக்கா. குரலை வைத்துத் தெரு அவளுக்குப் பித்தளை அக்கா என்று பெயர் வைத்திருந்தது. தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடந்த லாண்டரியைத் திறந்து, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வாங்கிப்போட்டு வெளுத்தாள். அவள் வீட்டில் அத்தனை வாய்க்கும் அதுதான் சோறு. பேக்கரிக்காரியும் எல்லாம் தெரிந்துதான் படுத்தாள். "ஒரு தெருவே குடிக்குது. ஒரு கண்ணு கொஞ்சம் உறுத்தினா என்ன குடியா முழுகிப்போகும்?" என்பாள். இந்த மனசு எத்தனை பேருக்கு வரும்! அவளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கூடவே இரண்டு திட்டு திட்டவும் தோன்றுகிறது.

உறுத்தல் சிவப்பானது. சிவப்பு வலியானது. காலையில் பீளை ஒட்டிக்கொண்டது, அடுப்பின் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கருவிழியில புண்ணு வந்திருக்கு. மருந்து போடலையா?"

பிளம்பர் தரையைப் பார்த்தான். "நான்தான் வேணாம்னேன்" என்றாள் அவள்.

"இப்படியே விட்டா இந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சும். உருவம் தெரியாது" என்றார் டாக்டரம்மா. பகலில் சொட்டு மருந்து, தூங்கும்போது புண்ணை ஆற்றும் வேறு களிம்பு, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. வீடு திரும்பியதும் பிளம்பர் தொட்டியருகே நின்று, நாளையிலிருந்து தண்ணீர் கிடையாது என்று சொன்னான். கூட்டத்தில் ஒருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து வைத்தால் போதாதா என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் பித்தளை அக்கா வந்தாள். ஒரே ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லத்தான் வந்தாள். அவசரத்தில் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டாள். பேக்கரிக்காரி அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிளம்பர் களிம்போடு கட்டிலருகே மண்டியிட்டிருந்தான். ரெஞ்ச் பிடித்துப் பழகிய கை. சின்ன டியூப் அதற்குப் பிடிபடவில்லை. பிதுக்கினால் ஒரு தடவை கன்னத்தில் விழுந்தது, அடுத்த தடவை மூக்கில் விழுந்தது.

"தம்பி, நான் கேக்க வந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்த அக்கா கண்ணைப் பார்த்தாள். இத்தனை நாளும் தெரு குழாயின் அந்த முனையைத்தான் பார்த்திருந்தது. இந்த முனையை யாரும் வந்து பார்த்ததில்லை. ரத்தச் சிவப்புக்கு நடுவில், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

கேட்க வந்ததைப் பித்தளை அக்கா அப்படியே விட்டுவிட்டாள்.

"சோப்பு எங்க இருக்கு?" என்றாள் பிறகு. புனலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரிலேயே முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். "தள்ளு. டியூபை இப்படிக் கொடு." உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாள், கீழ் இமையை மெல்ல இழுத்தாள், ஓர் அரிசி அளவு வைத்தாள். இமையை இறக்கிப் பட்டை ஒட்டினாள். தண்ணீர் நூலாக இளைத்து, சொட்டாகி, நின்றது. தன் பிழைப்பைத் தன் கையாலேயே மூடிவிட்டு, "நாளைக்கும் நானே வரேன். நீ உன் குழாயைத் திருகு போ" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். நல்லவர்கள் என்று நான் எழுதியவர்கள் உண்டு. இவளுக்கு அந்தச் சொல் போதவில்லை.

அக்கா கதவைத் திறந்துவிட்டிருந்தாள் அல்லவா, தண்ணீரோடு வெளியே வந்திருந்த டிக்கெட் பரிசோதகர் அந்த நேரத்தில் தெருவுக்குப் போய்க் குடத்தோடு நின்றவர்களிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் கண் மூடியிருக்கிறது. கோட்டைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். அவள் விழித்தாள், சாப்பிட்டாள், மறுநாள் வேலைக்கும் போனாள். விழித்த அந்த நேரத்தில் கண் பட்டைக்குள் மூடியிருந்ததால் அவருக்குப் போக வழியில்லாமல் போனது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தெரு விட்டுவிட்டது.

லாண்டரியை அக்கா மறுபடி பூட்டினாள். வீடு வீடாகத் துணி வாங்கி இஸ்திரி போட்டுப் பிழைத்தாள். பூட்டிய லாண்டரியின் முன்னறையில் பரிசோதகர் தங்கிக்கொண்டார். தண்ணி லாரி வரும் நாளில் லாரியின் குழாயருகே நின்று ஆளுக்கொரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். டிக்கெட் இல்லாதவருக்கு ஒரு சொட்டுக் கிடையாது, வரிசையில் நுழைபவருக்கு அவர் பார்க்கும் ஒரு பார்வையே போதும். அந்தத் தெருவில் தண்ணீர்ச் சண்டை அதோடு ஒழிந்தது.

அக்கா ஒரு வேளைகூடத் தவறாமல் வந்தாள். புண் ஆறியது. உப்புக்கல் அளவு தழும்பு மட்டும் மிஞ்சியது. முகம் மெல்ல நேரானது. ஒரு மத்தியானம் அக்கா டியூபோடு குனிந்தபோது இமை தானாக மூடிக்கொண்டது. அன்றைக்கு இருவரும் சேர்ந்து அழுதார்கள். வந்தது சாதாரணக் கண்ணீர்தான், ஒரு டம்ளர்கூட நிறையாது.

பரிசோதகர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பிளம்பரிடம் தினமும் டிக்கெட் கேட்கிறார், அவனும் தினமும் சட்டைப் பையைத் தடவுகிறான். பேக்கரிக்காரி குடத்தோடு வரும்போது மட்டும் எழுந்து நின்று வழிவிடுகிறார். அவளிடம் அவர் இதுவரை டிக்கெட் கேட்டதில்லை.