முள்ளுக்குத் தெரியாத சூடு

அண்ணி ஓட்டினால் மட்டும் லாரி நின்றுவிடுகிறது. அதுவும் கண்ட இடத்தில் இல்லை, மரக்கடை வாசலில்தான். உறைபனி விழத் தொடங்கிய இந்தப் பத்து நாளில் மூன்று முறை ஆகிவிட்டது. கொழுந்தன் ஓட்டும் நாட்களில் அதே லாரி, அதே எண்ணெய், சமர்த்தாகப் பால் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"மரக்கடையில கட்டில் செய்யக் கொடுத்திருக்கீங்களா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"உனக்குத்தான்டா. எந்நேரமும் படுத்துக் கிடக்க ஒண்ணு வேணுமே."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. "இன்னொரு தடவை நின்னா, குளிர் முடியுற வரைக்கும் தம்பியே ஓட்டட்டும்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கை அது. சும்மா மடியில் கிடக்குமா?

வீட்டுக்காரர் மெக்கானிக். பட்டறையில் மற்ற வண்டிகளிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை வாரக்கணக்கில் பீப்பாயில் தெளியவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் பெட்ரோல் சேர்த்து நீர்க்க வைப்பார். லாரியில் இரண்டு டேங்க். சின்னதில் டீசல், பெரியதில் இந்தக் கறுப்பு எண்ணெய். குளிரில் அது பாகு மாதிரி இறுகிவிடும். அதனால் டீசலில் கிளப்பி, ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் சுவிட்சைத் தட்டிக் கறுப்புக்கு மாறவேண்டும். இது வீட்டுக்காரர் போட்ட சட்டம். அண்ணி அதில் ஓர் இம்மியும் பிசகாதவள். பிறகு ஏன் நிற்கிறது?

மறுநாள் காலை கொழுந்தனின் முறை. அண்ணி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உன் லட்சணத்தைப் பார்க்கத்தான்."

அவன் வண்டியைக் கிளப்பினான். ஒரு கையால் தலை சீவினான். முட்டையை உரித்துத் தின்றான். பழைய சிநேகிதன் ஒருவனோடு போட்ட சண்டையை ஆதியோடந்தமாகச் சொன்னான். முள் நடுவுக்கு வந்து நின்றது. மரக்கடை போயிற்று, பள்ளிக்கூடச் சுவர் போயிற்று. மாவு மில்லைத் தாண்டியபோதுதான், "அட, மறந்தே போச்சு" என்று சுவிட்சைத் தட்டினான்.

"தினமும் இப்படித்தானா?"

"ஞாபகம் வர்றப்ப தட்டுவேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, தோலை உரிச்சிடும்."

"வண்டிய ஓரங்கட்டு."

இறங்கி அடியில் குனிந்து, கறுப்பு எண்ணெய் வடிந்து போகும் ஃபில்டரைத் தொட்டாள். இன்ஜினின் சுடுதண்ணீர்க் குழாய் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளையின் உடம்பு போல் கதகதவென்றிருந்தது.

"காய்ச்சலா அண்ணி அதுக்கு?"

அவள் கையை எடுக்காமல் யோசித்தாள். முள் சொல்வது இன்ஜினின் சூட்டைத்தானே? இத்தனை தூரம் தள்ளி இருக்கிற ஃபில்டரின் சூட்டை யார் சொல்வது? அது குளிர்ந்து கிடந்தால் எண்ணெய் அதிலேயே இறுகி அடைத்துக்கொள்ளாதா?

மறுநாள் பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பினாள். முள் நடுவுக்கு வந்தது. சுவிட்சைத் தொடவில்லை. மரக்கடைக்கு முன்னால் நிறுத்தி, இறங்கித் தொட்டாள். விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரே ஜில். பள்ளிக்கூடச் சுவரருகே மறுபடி நிறுத்தினாள். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினார். வெதுவெதுப்பு. மில் வாசலில் நல்ல சூடு. ஏறி உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினாள்.

இன்ஜின் சத்தம் லேசாக மாறியது. லாரி போய்க்கொண்டே இருந்தது. பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார், "நின்னுச்சா?"

"அது நிக்கலைங்க. நான்தான் மூணு தடவை நிறுத்தினேன்."

ஃபில்டரைத் தொட்டுப் பார்த்ததையெல்லாம் சொன்னாள். கொழுந்தனின் மறதியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அவன் கதவோரம் சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

வீட்டுக்காரர் முழங்கைவரை கறுத்திருந்த அவள் கையையே பார்த்தார். "முள்ள நம்பி உன்னைத் திட்டிட்டேனே."

"அது கிடக்கட்டும். மில்லு வரைக்கும் டீசல் குடிக்குதே. ஃபில்டர்ல கம்பளி சுத்தினா சீக்கிரம் சூடாகுமா?"

"தெரியலையே."

"நாளன்னிக்கு என் முறைதானே, பார்த்துடலாம்."

அதற்குள் அவர் கொடியிலிருந்து ஒரு கம்பளியை உருவிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிட்டார்.

"அண்ணே, அது என்..." என்று தொடங்கிய கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். "சரி, நல்லா இறுக்கிச் சுத்து" என்றான்.