அண்ணனை வீபோர்குக்கு அழைத்துப்போன நாள்

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் ரோதியோன் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அது முழுப் பொய் இல்லை. மூன்று மணிவரை பின்லாந்து எல்லையோரம் இருக்கும் வீபோர்கைச் சுற்றிப் பார்க்கலாம். நான்கு மணிக்குள் ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்தில் அவனைச் சேர்த்துவிட வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும்போது என் மனைவி ஃபைனா கதவருகே நின்று அவன் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அவள் இடது கண்ணுக்குக் கீழே இருந்த நீலம் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது.

"எங்கம்மா விழுந்த? பாத்து நடக்கக் கூடாதா?" என்று அண்ணன் அக்கறையாகக் கேட்டான்.

"குளியலறையில வழுக்கிடுச்சு" என்றாள் அவள்.

ஒன்பது நாளுக்கு முன்னால் அவளைத் திருடி என்று நினைத்து அடித்தது அவன்தான். அதற்கு முந்தைய மாதம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மேலே துணியை உலர்த்தியிருந்தான். ஃபைனா அப்போதும் குறை சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. அடி விழுந்த அன்று மாலை ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவனுடைய சட்டைகளிலும் உள்ளாடைகளிலும் அவன் பெயரைத் தைக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு நான்தான் அந்த இல்லத்துக்குப் போன் செய்தேன்.

அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. பீட்டர்ஸ்பர்கிலிருந்து பின்லாந்துக்காரர்களின் லப்பேன்ராந்தா நகரத்துக்குப் பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவன். கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளைகளும் இல்லை. உறைந்திருந்த லடோகா ஏரியில் பனி உடைந்து எங்கள் அப்பா மூழ்கியபோது அவனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எட்டு. படிப்பை விட்டுவிட்டு லாரியில் ஏறினான். நான் குழாய் வேலை கற்றுக்கொண்டதும், கல்யாணம் செய்துகொண்டதும் அவன் சம்பாத்தியத்தில்தான். இதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தான். அக்டோபர் மாதம். பிர்ச் மரங்களில் இலை பாதிதான் மிச்சம்.

"ரயில்ல போறவன் எல்லாம் மூட்டைடா இக்னாத்" என்றான். "தூக்கிப் போடுறான், எடுத்து வைக்கிறான். ரோடுதான் மனுஷனுக்கு."

"சரிதான். நாப்பது மூட்டைய நீயும்தான் ஏத்தி இறக்கினே."

"என் மூட்டைங்க பேசும்டா. எல்லைச் சாவடியில அழும்."

வீபோர்கில் இறங்கியதும் அவன் கால்கள் தாமாகப் பக்கத்திலிருந்த பஸ் நிலையத்துக்குத் திரும்பின. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். காலியான ஒரு நடைமேடையில் நின்று மணிக்கட்டைப் பார்த்தான். அதில் கடிகாரம் இல்லை.

"ஒன்பதரை வண்டி எங்கடா?"

"அண்ணே, எல்லைய மூடிட்டாங்க. வண்டியே இல்ல."

"எப்ப மூடினாங்க?"

"போன வருஷமே."

"எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

பலமுறை சொல்லியிருந்தோம். ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பவனைப்போலவே அவன் முகம் விழுந்துபோகும். அன்றைக்கும் விழுந்தது. பிறகு பத்தொன்பது வருடமும் இந்த நிலையத்துக்கு எதிரிலிருக்கும் டீக்கடையைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்ததே இல்லை என்றான். "இருபது நிமிஷம் நிக்கும். டீ குடிப்பேன், டயரைப் பாப்பேன், கிளம்பிடுவேன். கோட்டையை ரோட்டுல இருந்து பாத்ததோட சரி."

"இன்னிக்கு உள்ளேயே போலாம் வா" என்றேன்.

கூழாங்கல் பதித்த தெருக்களில் மெதுவாக நடந்தோம். மஞ்சள் பூசிப் புதுப்பித்த வீடு ஒன்று, அதற்கு அடுத்ததில் கூரையே இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு மரம் எட்டிப் பார்த்தது. விழுந்துவிடாமல் இருக்க முகப்பு முழுவதும் பச்சை வலை கட்டியிருந்தார்கள். மூன்று நாடுகளின் கைமாறி வந்த ஊர் அது. அண்ணன் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"கட்டினது சுவீடன்காரன், துடைச்சு வச்சது பின்லாந்துக்காரன். இடியட்டும்னு விட்டது நாம" என்று சத்தமாகச் சொன்னான். எதிரே வந்த ஒரு அம்மாள் சிரித்துவிட்டாள். பூங்காவில் பெரிய மூக்கோடு நின்ற வெண்கல மான் சிலையைப் பார்த்ததும், "உன் மூக்குடா இது!" என்று என் தோளைத் தட்டினான். இப்படி அவன் கிண்டல் செய்து எத்தனை மாதமாகியிருந்தது! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மணியைப் பார்த்தேன். பதினொன்றரை.

கோட்டைக் கோபுரத்தில் அவன் எனக்கு முன்னால் ஏறினான். பையோடு நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்க, மேலிருந்து அவன் குரல் வந்தது: "கிழவா, ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே வளைகுடா, தீவுகள், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். யாரோஸ்லாவ்லிலிருந்து வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்லாந்து எந்தப் பக்கம் என்று அந்தப் பெண் பொதுவாகக் கேட்டாள்.

அண்ணன் கையை நீட்டினான். "அதோ அந்தக் காட்டுக்குப் பின்னால, அம்மா. பாலத்தைத் தாண்டினதும் ரோடு வலது பக்கம் சாயும். அங்க ஒரு பெட்ரோல் பங்க். அப்புறம் கால்வாய் கூடவே வரும், ஒரு மதகு, ரெண்டாவது மதகு. அங்க வேகத்தைக் குறைக்கணும், ஏன்னா காட்டு மான் குறுக்க வரும். அப்புறம் நம்ம சாவடி. எல்லை தாண்டி இறைச்சி கொண்டுபோக விடமாட்டான். பஸ்சை நிறுத்தி எல்லாரையும் எழுப்புவேன். 'பாஸ்போர்ட்டைக் கையில வைங்க, சாசேஜை வயித்துக்குள்ள வைங்க!' அப்படீம்பேன்."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் இன்னும் சொன்னான். பனிமூட்டத்தில் நின்ற பஸ் வரிசை, சாவடியில் பிரசவ வலி வந்த பெண், எந்த வளைவில் எந்த வருடம் எவன் கவிழ்ந்தான் என்பதுவரை. ஒரு பெயர்கூடத் தடுமாறவில்லை. அந்தக் கணவன் அவன் கையைக் குலுக்கி, "உங்க அண்ணன் பொக்கிஷங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறதி நோய் என்று டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பாரோ? இல்லத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? நான்கு மணி ரயிலில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது ஃபைனாவின் கண் ஞாபகம் வந்தது. எடுத்த போனை மறுபடி பையில் போட்டேன்.

சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மீன் சூப் சாப்பிட்டோம். ஊர்ப் பெயர் சொல்லி விற்கும் முறுக்கு ரொட்டி ஒன்றை வாங்கி இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் தள்ளினான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏலக்காய் வாசனை அடித்தது.

"பையில என் பனிக்கால பூட்ஸ் இருக்கு" என்றான்.

நான் ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"நீ கழிப்பறைக்குப் போனப்ப பிரிச்சுப் பாத்தேன். பூட்ஸ் இருக்கு, ஏழு உள்சட்டை இருக்கு. எல்லாத்துலயும் எம்பேரு தைச்சிருக்கு. ஒருநாள் சுத்துறதுக்கு எதுக்குடா ஏழு உள்சட்டை?"

"அண்ணே..."

"ஃபைனா குளியலறையில விழல. இல்லியா?"

"இல்ல."

"நானா?"

தலையை ஆட்டினேன். அவன் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தான். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பலமா அடிச்சேனா?"

"நீ வேணும்னு செய்யல."

"நான் அதைக் கேக்கல."

"பலமாத்தான் அண்ணே."

ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி பலூன் விற்றுக்கொண்டிருந்தாள். அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அழுவான், கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தியிருப்பேன். கடைசியில் ஒருவேளை இரண்டு பேரும் வீட்டுக்கே திரும்பியிருப்போம்.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டான்.

"டாக்சியில இருபது நிமிஷம்."

"அப்ப எழுந்திரு. எனக்கு இது மறக்கிறதுக்குள்ள போயிடலாம். இப்ப நானே நடந்து வரேன். அப்புறம்னா நீ இழுக்கணும்." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "இழுத்தா உனக்குத் தாங்காதுடா" என்றான்.

டாக்சி உடனே கிடைக்கவில்லை. சனிக்கிழமை, ஊர் முழுக்கச் சுற்றுலா வந்தவர்கள். ஒரு வண்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்தது. அடுத்தது வருவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. மழையும் பிடித்துக்கொண்டது. நிழற்குடையில் அவன் என் கையைப் பிடித்தபடி நின்றான். நடுவில் பிடி தளர்ந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

காடு தொடங்குமிடத்தில், பச்சைச் சாயம் பூசிய இரண்டு மாடி மரவீடு. வாசலில் வண்டி நின்றதும் அவன் கேட்டான்: "யாரு வீடுடா இது? யாருக்குப் பிறந்தநாள்?"

அவன் நடந்து வருகிறேன் என்று சொன்ன நேரம் போய்விட்டது. சாப்பாட்டுக் கடையில் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

"ஓட்டல் அண்ணே. ராத்திரி இங்க தங்குறோம்."

"நல்லதாப் போச்சு. இந்த மழையில யாரு வண்டி ஓட்டுவா?"

பொறுப்பாளர் நெல்லி கார்லோவ்னா ஐம்பது வயதுக்காரி, கம்பளிச் சட்டையும் ரப்பர் செருப்பும். நல்ல பெண்மணி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "வாங்க ரோதியோன் பாவ்லவிச், ரூம் தயாரா இருக்கு" என்றாள். நான் காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் ஒரு கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அண்ணன் மற்ற கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டுத் தட்டிக் காட்டினான். "இன்னொருத்தருக்கும் ரூமைக் குடுத்துட்டாங்க போல. பரவால்ல, ரெண்டு பேரும் இதுலயே படுத்துக்கலாம். சின்னப்பிள்ளையில நீ உதைச்ச உதையையே நான் வாங்கியிருக்கேன்."

"நான் கீழ போய் டீ சொல்லிட்டு வரேன்" என்றேன்.

"எனக்குச் சர்க்கரை ரெண்டு."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நெல்லி கார்லோவ்னா என் முழங்கையைத் தொட்டு, "இப்பவே போயிடுங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்றாள். போய்விட்டேன். டாக்சிக்காரன் வானொலியை வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஃபைனா ஒன்றும் கேட்கவில்லை. மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தாள். பழக்கம். ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.

முதல் மூன்று வாரம் போகக் கூடாது, பழகட்டும் என்றார்கள். நாங்களும் போகவில்லை. நான்காவது வாரம் ஒரு காலையில் ஃபைனா சமையலறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். "போய்க் கூட்டிட்டு வா. ரெண்டு அடி பட்டா செத்தா போயிடுவேன்? அடுப்புக்குப் பூட்டு போட்டுக்கலாம். என்னால இந்த வீட்ல தூங்க முடியல" என்றாள். அவள் சொல்ல மாட்டாளா என்று நானும் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த ரயிலில் கிளம்பினேன்.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். முகம் சுத்தமாக மழிக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, வீட்டுக்குப் போலாம் வா."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யாருங்க நீங்க?"

"இக்னாத். உன் தம்பி."

"என் தம்பி சின்னப் பையனுங்க" என்றான் மரியாதையாக. "நீங்க வேற யாரையோ தேடி வந்திருக்கீங்க."

கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டேன். கையைப் பிடித்தேன். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான். தெரியாத ஆள் தூக்கிக்கொண்டு போகிறான், போலீசைக் கூப்பிடுங்கள் என்று கத்தினான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிழவரும் எழுந்து அழுதார். நெல்லி கார்லோவ்னா ஓடிவந்து என் விரல்களை அவன் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"விட்டுடுங்க இக்னாத் பாவ்லவிச். அவருக்கு இப்ப இதுதான் வீடு. பிடுங்கினா செத்துப்போவார்."

கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் அடங்கிவிட்டான். யாரோ அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நன்றி சொன்னது கேட்டது. நான் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலுக்காக நின்றேன்.

இப்போதும் மாதத்தில் முதல் சனிக்கிழமை போகிறேன். ஃபைனா இரண்டு முறை வந்தாள், பிறகு வரவில்லை. ஊருக்குள் நான் போவதில்லை. ஸ்டேஷனில் இறங்கி நேராக டாக்சி பிடிக்கிறேன். அண்ணன் என்னிடம் சிரித்த முகமாகத்தான் பேசுகிறான். மழை வருமா என்று கேட்கிறான். வரும் என்கிறேன். ஒருமணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருக்கிறேன். போகும்போது, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்கிறான்.