முன்னால் பாய்ந்த கார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. படிக்க வந்தவர்கள் செல்லமாக வைத்த பெயர் கியரக்கா. அதையே தம்பி சொன்னால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கியரக்கா ஓட்டின லட்சணம், கியர்பாக்ஸே போச்சு," என்றான் அவன், ஷெட் கதவைத் தள்ளிக்கொண்டே.

அப்பா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன அந்தக் காலத்துக் கார். ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் அவனிடம். இப்போது மேடு ஏறினால் எஞ்சின் தானாக வெறிபிடித்தது போல உறுமுகிறது. அடுத்த நொடியே இரண்டாவது கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கியர்பாக்ஸ்தான் என்பது அவன் கட்சி. அவன் கார்புரேட்டரை நோண்டிக் கெடுத்துவிட்டான் என்பது அவள் கட்சி. மெக்கானிக்கிடம் விட இருவருக்குமே மனமில்லை. தப்பு யார் மேல் என்று மெக்கானிக் வாயிலிருந்து வந்துவிட்டால்?

கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலில் இரும்புத்தூள் ஒரு பொட்டுகூட இல்லை. ஆளுக்கொரு தோல்வி. இருவர் முகமும் கறுத்தது.

"உள்ள உக்காந்து ரெண்டாவது கியர்ல கிளட்ச்ச மெதுவா விடு. நான் இங்கேருந்து பாக்குறேன்." பானெட்டைத் தூக்கிவிட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"முன்னாடி நிக்காதே."

"எனக்குப் பாடம் எடுக்காதே. ஹேண்ட்பிரேக் போட்டிருக்குல்ல?"

அவள் கிளட்சை விட்டாள். எஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துக்கொண்டு கார் பாய்ந்தது. அவள் பிரேக்கில் ஏறி நின்றாள். தூக்கிய பானெட் மறைத்ததில் அவனைக் காணவில்லை. சத்தமும் இல்லை.

"டேய். இருக்கியா?"

சுவரோடு ஒட்டியபடி அவன் பக்கவாட்டில் நழுவி வந்தான். பம்பர் முட்டியைத் தொட்டிருந்தது, அவ்வளவுதான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கார் முழுசா வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே."

"என் கால் ஆக்ஸிலரேட்டர் மேலயே இல்ல."

"இதை உன்கிட்ட கத்துக்க வர்றவங்ககிட்ட சொல்லு."

அவள் இறங்கினாள். காரைப் பழைய இடத்துக்குப் பின்னால் தள்ளினாள். "நீ ஏறு," என்றாள். அவன் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். முட்டாள்தனம் என்று தெரியும். வீம்பு யாரை விட்டது?

அவன் பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டான். அப்போதுதான் அவள் பார்த்தாள். எஞ்சின் ஒரு பக்கமாக நாலு விரல் மேலே எழும்பியது. எழும்பும்போது ஆக்ஸிலரேட்டர் கம்பியையும் சேர்த்து இழுத்தது. கியர்பாக்ஸும் கூடவே அசைந்ததில், ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கியர் கம்பி இழுபட்டு, கியர் படக்கென்று நியூட்ரலில் விழுந்தது.

"நிறுத்து. டார்ச்ச எடுத்துட்டு வா."

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. எஞ்சினும் நல்லதுதான், கியர்பாக்ஸும் நல்லதுதான்.

"ஆயில் ஒழுகுதுன்னு அப்பவே சொன்னேன். அதுல ஊறித்தான் ரப்பர் போயிருக்கு," என்றான் அவன்.

"சொன்னே. அடைச்சியா?"

மன்னிப்பு எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. அவனே போய்ப் புது ரப்பர் வாங்கிவந்தான். எஞ்சினை ஜாக்கில் தூக்கினார்கள். இடுக்கில் கைவிட்டு ரப்பரைச் செருக வேண்டும். ஜாக் பிடி அவள் கையில் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"ஜாக்க நான் பிடிச்சுக்கறேன். நீ கைய விடு."

அவள் ஜாக்கை இறக்கிவிடுவாளோ என்று பயப்படுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. பிடியைக் கொடுத்துவிட்டு எஞ்சினுக்கு அடியில் கையை விட்டாள். போல்ட்டை முடுக்கி முடிக்கும்வரை அவன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கார் மேட்டில் அலுங்காமல் ஏறியது. இரண்டு நாளில் அத்தை போன் செய்தாள். "தம்பி மேல கார ஏத்தப் பாத்தியாமே?"

"பிரேக் போட்டது யாருன்னும் அவனையே கேளுங்க," என்று வைத்துவிட்டாள்.

அவன் முறை வந்தபோது அவன் வரவில்லை. போனில் ஒரு வரி வந்தது: கார நீயே வெச்சுக்கோ, எனக்கு உசிரு முக்கியம்.

எத்தனையோ வருஷமாக அவள் ஆசைப்பட்டது அந்தக் காரைத்தான். அதை ஓட்டிக்கொண்டு போய் அவன் வேலைபார்க்கும் அச்சகத்தின் வாசலை அடைத்தாற்போல நிறுத்தினாள். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தாள்.

"இது அவன் வாரம். வண்டியை எடுத்தாத்தான் உங்க லாரி வெளிய போக முடியும்னு சொல்லுங்க."

திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.